வானத்தில் ரீசெட் பட்டனை யார் அழுத்துவது?

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடம். சாப்பாட்டு மேசைமேல் நிலைமின் தடுக்கும் நீல விரிப்பு. அதன்மேல் பத்து சென்டிமீட்டர் அலுமினியச் சட்டம் ஒன்று, சட்டத்துக்குள் அடுக்கடுக்காக நான்கு மின்சுற்று அட்டைகள். பக்கத்தில் ஒரு மடிக்கணினி, ஒரு மல்டிமீட்டர், ஆறிப்போன கோப்பி. சனிக்கிழமை மாலைகளில் கூடும் எங்கள் பொழுதுபோக்குக் குழு செய்துவரும் துணைக்கோளின் மேசை மாதிரி அது. பறக்கப்போவது இதே போன்ற இன்னொன்று. இது நாங்கள் நிரலை எழுதி, ஓட்டி, வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பதற்கு.

சென்ற மாதம் குழுவில் ஒருவரின் மகன் முதன்முறையாக வந்திருந்தான். உயர்நிலை இரண்டில் படிக்கிறான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரல் நின்றுபோனது. திரையில் எதுவும் நகரவில்லை. நான் கையை நீட்டி அட்டையின் ஓரத்தில் இருந்த சின்னப் பட்டனை அழுத்தினேன், மறுபடி ஓடத் தொடங்கியது. அவன் அந்தப் பட்டனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அங்கிள், மேல போனப்புறம் இது ஹேங் ஆயிட்டா யாரு போய் பட்டன அழுத்துவாங்க?"

துணைக்கோளுக்கு நிரல் எழுதுவது என்றால் என்ன என்று கேட்கும் எல்லாருக்கும் இனி இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கிச் சொல்லப்போகிறேன். எங்கள் வேலையில் பாதிக்கு மேல் இதற்குப் பதில் தேடுவதுதான்.

முதலில் இந்தப் பெட்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் பத்து சென்டிமீட்டர் உள்ள கனசதுரத் துணைக்கோளுக்கு கியூப்சாட் என்று பெயர். கலிஃபோர்னியாவில் ஜோர்டி புய்க்-சுவாரி, பாப் ட்விக்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் 1999இல் மாணவர்களுக்காக வகுத்த அளவு இது. அளவு ஒன்றாக இருந்தால் ராக்கெட்டில் ஏற்றும் பெட்டியும் ஒன்றாக இருக்கலாம், யார் செய்ததையும் யார் ராக்கெட்டிலும் வைக்கலாம். அந்த எளிய யோசனைதான் பல்கலைக்கழகங்களுக்கும் எங்களைப் போன்ற ஆர்வலர்களுக்கும் கதவைத் திறந்தது. சிங்கப்பூருக்கும் இதில் நல்ல வரலாறு உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் டிஎஸ்ஓ என்ற தற்காப்பு ஆய்வகத்துடன் சேர்ந்து செய்த எக்ஸ்-சாட், நம் முதல் சொந்தத் துணைக்கோள், 2011 ஏப்ரலில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் போனது. 2015 டிசம்பர் 16 அன்று அதே இடத்திலிருந்து ஒரே ராக்கெட்டில் ஆறு சிங்கப்பூர்த் துணைக்கோள்கள் ஏறின. அவற்றில் ஒன்றான கலாசியா, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவானது. இரண்டு கியூப்சாட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அளவுதான் இருக்கும்.

இவை சுற்றும் இடம் தாழ்வான சுற்றுப்பாதை. தரையிலிருந்து சுமார் 400 முதல் 600 கிலோமீட்டர் உயரம். அங்கே கீழே விழாமல் இருக்க விநாடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். துவாஸிலிருந்து சாங்கி வரை சுமார் 50 கிலோமீட்டர். எம்ஆர்டியில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுக்கும் அந்தத் தூரத்தை இந்தப் பெட்டி ஏழு விநாடியில் கடந்துவிடும். ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றி வந்துவிடும்.

இந்த வேகம்தான் நிரல் எழுதுபவரின் முதல் தலைவலி.

550 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஒன்று நம் தொடுவானத்தில் எழுந்து, நேர் உச்சியைக் கடந்து, எதிர்த் தொடுவானத்தில் மறைய அதிகபட்சம் சுமார் 12 நிமிடம் ஆகும். அதுவும் சுற்றிலும் தடையே இல்லாத வெட்டவெளியில். நம் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்குமாடிகள், மரங்கள். தொடுவானத்தை ஒட்டிய முதல் நிமிடங்களும் கடைசி நிமிடங்களும் அவற்றுக்குப் பின்னால் போய்விடும். மரினா அணைக்கட்டுப் புல்தரைபோல வானம் அகலமாகத் தெரியும் இடத்தில் நின்றாலும் எட்டு நிமிடம் நல்ல தொடர்பு கிடைத்தால் மகிழ்ச்சிதான். அந்த எட்டு நிமிடத்தில் எவ்வளவு பேச முடியும்? ஆர்வலர் துணைக்கோள்களில் வழக்கமான வேகம் விநாடிக்கு 9600 பிட், அதாவது 1200 பைட். எட்டு நிமிடத்துக்கு 576 கிலோபைட். வழியில் தொலைவதையும் மறுபடி அனுப்புவதையும் கழித்தால் அதில் பாதி தேறும். கைப்பேசியில் நாம் எடுக்கும் ஒரே ஒரு படம் இதைவிடப் பல மடங்கு பெரியது.

எத்தனை முறை பார்க்கலாம் என்பது பாதையின் சாய்வைப் பொறுத்தது. இங்கேதான் சிங்கப்பூரில் இருப்பது எவ்வளவு நல்லது என்று தெரியும். துணைக்கோள் வட துருவம், தென் துருவம் வழியாகச் சுற்றினால், அது ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி அடியில் 24 பாகை திரும்பிவிடும். அடுத்த சுற்று வேறொரு நாட்டின் மேல் போகும். ஒரு நாளில் நமக்கு நான்கு முறை தென்பட்டால் அதிகம், அதிலும் இரண்டு முறை தொடுவானத்தின் ஓரத்தில் தலைகாட்டிவிட்டு ஓடிவிடும். ஆனால் பாதை பூமத்திய ரேகையை ஒட்டி 15 பாகைதான் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 550 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் நேர் கீழே உள்ள புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் 23 பாகை வரை பூமி தெரியும். நாம் இருப்பது வடக்கே ஒன்றேகால் பாகைக்குச் சற்று மேல். ஆகவே துணைக்கோள் தெற்கே எவ்வளவு இறங்கினாலும் வடக்கே எவ்வளவு ஏறினாலும் ஒவ்வொரு சுற்றிலும் நம்மை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு நாளைக்குப் பதினான்கு முறை! 2015இல் போன அந்த ஆறும் இந்த 15 பாகைப் பாதையில்தான் வைக்கப்பட்டன. இந்தக் கணக்கை முதல்முறை தாளில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்கள் ராக்கெட்டில் கிடைக்கும் மிச்ச இடத்தில் போகிறவர்கள். பாதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த ராக்கெட்டின் பெரிய பயணிக்குத்தான். அதனால் நான்கு முறைதான் என்று எண்ணியே நிரலை எழுதுகிறோம்.

ஆக, நாளில் 24 மணி நேரம். அதில் நம் கண்ணில் படுவது அரை மணி நேரம்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் அது தனியாக இருக்கிறது. கெட்டால் தானே சரிசெய்துகொள்ள வேண்டும்.

முதல் 45 நிமிடம்

ராக்கெட்டில் இருக்கும்போது துணைக்கோள் முழுக்க அணைந்திருக்கும். சட்டத்தின் முனையில் ஒரு சின்ன ஸ்விட்ச் அழுத்தப்பட்ட நிலையில் இருக்கும். பெட்டியிலிருந்து வெளியே தள்ளப்பட்டதும் ஸ்விட்ச் விடுபட்டு மின்சாரம் வரும், நிரல் உயிர் பெறும். ஆனால் உடனே பேசக்கூடாது. பக்கத்தில் ராக்கெட்டும் மற்றத் துணைக்கோள்களும் இருக்கும். கியூப்சாட் விதிகள்படி ஆன்டெனாவை விரிக்க 30 நிமிடம், வானொலியில் பேச 45 நிமிடம் காத்திருக்க வேண்டும்.

நிரலில் இது ஒரு வரி வேலை என்று நினைத்தோம். 45 நிமிடம் எண்ணு, பிறகு பேசு, அவ்வளவுதானே. எழுதினோம், ஓடியது. அப்புறம் குழுவில் ஒரு அக்கா, அலுவலகத்தில் மென்பொருள் சோதனை செய்பவர், இருபதாவது நிமிடத்தில் மின்கலத்தைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகினார். எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. மறுபடி இருபதாவது நிமிடத்தில் பிடுங்கினார். மறுபடி பூஜ்யம். மேலே மின்கலம் குளிரில் பலவீனமாகி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விழுந்து விழுந்து எழுந்தால், இந்தத் துணைக்கோள் ஆயுள் முழுக்க வாயே திறக்காது. கீழே நாங்கள் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு வாரக்கணக்கில் நிற்போம். அதற்கு எந்தப் பழுதும் இருக்காது, எண்ணிக்கொண்டே இருந்திருக்கும்.

திருத்தம் எளிது. ஒவ்வொரு நிமிடமும் எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதை மின்சாரம் போனாலும் அழியாத ஒரு நினைவகத்தில் எழுதிவை. எழுந்ததும் முதலில் அதைப் படி, விட்ட இடத்திலிருந்து தொடர். அங்கே படித்த எண் அர்த்தமில்லாததாக இருந்தால் மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கு. ஆனால் அந்த அக்கா எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தத் திருத்தத்தைவிடப் பெரியது. ஒவ்வொரு வரி எழுதும்போதும் 'இந்த இடத்தில் மின்சாரம் போனால் என்ன ஆகும்' என்று கேட்கும் பழக்கம் அன்றைக்குத்தான் எங்களுக்கு வந்தது.

ஆன்டெனா விரிப்பதும் பார்க்க அழகான வேலை. தச்சர்கள் வைத்திருக்கும் எஃகு அளவு நாடா இருக்கிறதல்லவா, பல ஆர்வலர் துணைக்கோள்களில் ஆன்டெனா அதுதான். 437 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்குப் 17 சென்டிமீட்டர் துண்டு போதும். வளைத்துப் பெட்டியைச் சுற்றி மடக்கி, மீன்பிடி நரம்பால் கட்டிவிடுவோம். நேரம் வந்ததும் நரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சினால் அது சூடாகி நரம்பை அறுக்கும், நாடா தானே நிமிர்ந்துகொள்ளும். விரிந்ததா என்று சொல்ல ஒரு ஸ்விட்ச் உண்டு.

அந்த ஸ்விட்ச் பொய் சொன்னால்? 'விரியவில்லை' என்று அது சொல்லிக்கொண்டே இருந்தால் நிரல் கம்பியைச் சூடாக்கிச் சூடாக்கியே மின்கலத்தைத் தீர்த்துவிடும். எனவே சில முறை முயன்று பார், இடையில் மின்கலம் நிறையக் காத்திரு, அதற்கப்புறம் ஸ்விட்ச் என்ன சொன்னாலும் ஆன்டெனா விரிந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு பேசிப் பார். ஒரு கருவி தவறாகச் சொல்லக்கூடும் என்று நிரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய இடத்திலும் இது சறுக்கியிருக்கிறது. இந்தியாவின் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் பங்குகொண்டு, சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைத்த ஆசாதிசாட், 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்எஸ்எல்வி ராக்கெட்டின் முதல் பயணத்தில் போனது. ஓர் உணர்கருவி பழுதானதை ராக்கெட்டின் நிரல் சரியாக அடையாளம் காணாததால் பாதை மாறிவிட்டது, துணைக்கோள் நிலைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்து அன்று எங்கள் குழுவில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று ஆசாதிசாட்-2 வெற்றிகரமாகப் பாதையில் நுழைந்ததை நேரலையில் பார்த்தபோது அந்த வீட்டுக் கூடத்தில் நாங்கள் கைதட்டிய சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

கோலம் போடும் பாட்டி

சரி, பட்டனைப் பற்றிக் கேட்ட அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். ஹேங் ஆனால் யார் அழுத்துவது?

அவனுக்கு நான் சொன்ன உதாரணத்தையே இங்கேயும் சொல்கிறேன். எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். தினமும் காலையில் வாசலில் ஒரு சின்னக் கோலம் போடுவார். எதிர்வீட்டு அம்மா வேலைக்குக் கிளம்பும்போது அதை ஒரு பார்வை பார்ப்பார். கோலம் இருந்தால் நடையைக் கட்டுவார். இல்லையென்றால் கதவைத் தட்டுவார். பாட்டிக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. காய்ச்சலா, அசந்து தூங்கிவிட்டாரா, எதுவானாலும் முதலில் கதவைத் தட்ட வேண்டும்.

துணைக்கோளில் எதிர்வீட்டு அம்மாவின் வேலையைச் செய்வது வாட்ச்டாக் டைமர். காவல்நாய் என்று நாங்கள் சொல்வோம். அது நிரலை ஓட்டும் முதன்மைச் சில்லைச் சாராத, தனியாக ஓடும் ஒரு சின்னக் கடிகாரம். எட்டு விநாடியிலிருந்து கீழே எண்ணிக்கொண்டே வரும். நிரல் நலமாக இருந்தால் அது பூஜ்யத்தைத் தொடுவதற்குள் ஒரு சைகை அனுப்பி மறுபடி எட்டுக்கு ஏற்றிவிடும். சைகை வரவில்லையென்றால் காரணம் எதுவும் கேட்காமல் காவல்நாய் ரீசெட் பட்டனை அழுத்திவிடும். மேசைமேல் என் விரல் செய்ததை மேலே அது செய்யும்.

இதைக் கேட்டதும் 'அவ்வளவுதானா' என்று தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. நான் எழுதிய முதல் வடிவத்தில் நான்கு விநாடிக்கு ஒருமுறை தானாக அடிக்கும் ஒரு மணியோடு அந்தச் சைகையைக் கட்டிவிட்டேன். வசதியாக இருந்தது, முதன்மை நிரலில் எந்த இடத்திலும் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அந்த மணியோ சில்லுக்குள் வேறொரு மூலையில் தன்பாட்டில் அடிப்பது. முதன்மை நிரல் முழுக்க உறைந்து கிடந்தாலும் மணி அடித்துக்கொண்டே இருக்கும், காவல்நாய்க்குச் சைகை போய்க்கொண்டே இருக்கும். சோதனையில் வானொலிப் பகுதியை வேண்டுமென்றே மாட்டவைத்தோம். இரண்டு மணி நேரம் துணைக்கோள் பிணமாகக் கிடந்தது, காவல்நாய் நிம்மதியாக இருந்தது.

வாசலில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டிய கதைதான் இது. பாட்டி எழுந்தாலும் எழாவிட்டாலும் கோலம் அங்கேயே இருக்கும். எதிர்வீட்டு அம்மா தினமும் பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்பார். கோலத்துக்கு அர்த்தம் வருவதே ஒருவர் எழுந்து, குனிந்து, கையால் போடுவதால்தான்.

இப்போது எங்கள் நிரலில் ஆறு வேலைகள் சுற்றிச் சுற்றி நடக்கின்றன. மின்கலம் பார்ப்பது, வெப்பம் பார்ப்பது, வானொலி கேட்பது, வானொலி பேசுவது, பதிவு எழுதுவது, துணைக்கோளின் சுழற்சியைக் குறைப்பது. ஒவ்வொன்றும் அந்தச் சுற்றில் தனக்குள்ள வேலை உண்மையிலேயே முடிந்த பிறகு (வேலை இல்லாத சுற்றில் இல்லை என்று பார்த்த பிறகு) ஒரு புள்ளி வைக்கும். ஆறு புள்ளியும் விழுந்திருந்தால் மட்டுமே கோலம் முடிந்ததாகக் கணக்கு, காவல்நாய்க்குச் சைகை போகும். ஒரு புள்ளி குறைந்தாலும் போகாது.

இதற்கு மேல் இன்னொரு காவலும் வேண்டும். நிரல் நன்றாக ஓடுகிறது, ஆறு புள்ளியும் விழுகின்றன, ஆனால் வானொலி தவறான அலைவரிசையில் மாட்டிக்கொண்டதால் நாம் அனுப்பும் கட்டளை எதுவும் அதன் காதில் விழவில்லை என்றால்? உள்ளே எல்லாம் சரி, வெளியே உறவே அறுந்துவிட்டது. அதற்காக ஒரு நீண்ட எண்ணிக்கை வைக்கிறோம். ஏழு நாள் தரையிலிருந்து ஒரு கட்டளையும் வராவிட்டால் எல்லாப் பகுதிக்கும் மின்சாரத்தை வெட்டி, தொடக்க அமைப்புகளோடு புதிதாக எழுந்திரு என்பது விதி.

இந்தக் காவல்கள் நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு 2015இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பிளானட்டரி சொசைட்டி, விண்வெளி ஆர்வலர்களின் நன்கொடையில் லைட்செயில்-1 என்ற துணைக்கோளை அனுப்பியது. மூன்று கியூப்சாட் நீளம், உள்ளே மடித்து வைத்த, சூரிய ஒளியைப் பிடிக்கும் 32 சதுர மீட்டர் பாய்மரப் பாய். மே 20 அன்று மேலே போனது, இரண்டு நாளில் ஊமையாகிவிட்டது. காரணம், தன் நிலையைக் குறித்துவைக்கும் ஒரு கோப்பு. அது வளர்ந்துகொண்டே போய் 32 மெகாபைட்டைத் தாண்டியதும் முழுக் கணினியும் உறைந்தது. ரீசெட் செய்யச் சொல்லிப் பலமுறை கட்டளை அனுப்பினார்கள், பதில் இல்லை. கடைசியில் விண்வெளியிலிருந்து வரும் மின்னூட்டத் துகள் ஏதாவது சில்லில் மோதித் தற்செயலாக ரீசெட் ஆகாதா என்று காத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனது. எட்டு நாள் கழித்து மே 30 அன்று அது தானாக எழுந்துகொண்டது! ஜூனில் பாயையும் விரித்தது.

இதைப் படித்த அன்றே எங்கள் பதிவுக் கோப்பைக் கணக்குப் போட்டோம். பதினைந்து விநாடிக்கு 200 பைட். ஒரு நாளில் 5760 பதிவு, 1.15 மெகாபைட். எங்கள் நினைவகம் 4 மெகாபைட். நான்காவது நாளே நிறைந்துவிடும்! மேசையில் நாங்கள் ஒரு தடவைகூட நான்கு நாள் தொடர்ந்து ஓட்டியதில்லை, அதனால் கண்ணில் படவே இல்லை. இப்போது பதிவு செக்குமாடு போலச் சுற்றி வருகிறது. கடைசிக் கட்டம் நிறைந்ததும் முதல் கட்டத்துக்குத் திரும்பிப் பழையதன்மேல் எழுதும். முக்கியமானதை அதற்குள் கீழே அனுப்பிவிட வேண்டும்.

லைட்செயிலை எழுப்பியதாகக் கருதப்படும் அந்தத் துகள்கள் பெரும்பாலும் கெடுதல்தான் செய்யும். கணினியின் நினைவகத்தில் எல்லாம் 0, 1. ஒரு துகள் பட்டு ஒரே ஒரு 0 அங்கே 1 ஆகிவிட்டால் போதும். மின்கலத்தின் வெப்பம் 20 டிகிரி என்று வையுங்கள். இரும எண்ணில் 00010100. முதல் இலக்கம் மட்டும் புரண்டால் 10010100, அதாவது 148. மின்கலம் கொதிக்கிறது என்று பயந்து நிரல் எல்லாவற்றையும் அணைத்துவிடும். பூமியின் காந்தக் கவசம் மெலிந்திருக்கும் பிரேசில், தென் அட்லாண்டிக் பகுதிக்கு மேலே பறக்கும்போது இது அதிகம் நடக்கும். அதனால் முக்கியமான எண்களை மூன்று இடத்தில் எழுதி, படிக்கும்போது இரண்டு ஒத்துப்போவதை எடுத்துக்கொள்கிறோம். போன பதினைந்து விநாடியில் 20 ஆக இருந்தது இப்போது 148 ஆக முடியுமா என்றும் நிரல் கேட்டுக்கொள்ளும்.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் விழும் வெயிலின் மொத்த ஆற்றலே சுமார் 13 வாட். நல்ல சூரியத் தகடு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மின்சாரமாக்கும், அந்தத் தகடும் பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்காது. ஒவ்வொரு சுற்றிலும் 35 நிமிடம் பூமியின் நிழல் வேறு. சராசரியாக 2 வாட்டுக்குள் குடும்பம் நடத்த வேண்டும். மின்கலம் 3.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் நிரல் சிக்கன நிலைக்குப் போய்விடும்: கேட்பது மட்டும், பேச்சு குறைவு, சோதனைகள் இல்லை. திரும்ப வருவது 3.8 வோல்ட்டில். ஏன் இரண்டு வேறு எண்? ஒரே எண்ணாக இருந்தால் சுமையைக் குறைத்ததும் வோல்ட் சற்று ஏறும், உடனே திரும்பும், சுமை கூடியதும் இறங்கும், இப்படியே விநாடிக்கு விநாடி ஆடிக்கொண்டிருக்கும். வீட்டு ஃபிரிட்ஜ் ஒரு வெப்பத்தில் ஓடத் தொடங்கி வேறொரு வெப்பத்தில் நிற்பதும் இதற்காகத்தான். இன்னொரு விதி: லித்தியம் மின்கலத்தைப் பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதே. செய்தால் உள்ளே கெட்டுவிடும். சிங்கப்பூரில் இருந்துகொண்டு பூஜ்ய டிகிரியைச் சோதிக்க ஃபிரிட்ஜின் மேல்தட்டுதான் எங்களுக்கு ஆய்வகம். மீன் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒரு மின்கலம், கதவிடுக்கு வழியாக இரண்டு கம்பி.

அது பேசும்போது

முதல் ஆர்வலர் துணைக்கோளான ஆஸ்கார்-1, 1961 டிசம்பர் 12 அன்று மேலே போனது. அது மோர்ஸ் குறியீட்டில் இரண்டே ஆங்கில எழுத்துதான் சொல்லும்: எச், ஐ, அதாவது 'ஹாய்'. நான்கு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி, திரும்பத் திரும்ப. அதில் ஓர் அற்புதம் இருந்தது. உள்ளே வெப்பம் மாற மாற அந்த 'ஹாய்' சொல்லும் வேகமும் மாறும். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு எண்ணினால் விண்வெளியில் அந்தப் பெட்டிக்குள் எவ்வளவு சூடு என்று தெரிந்துவிடும். அதில் நிரலே கிடையாது! இவ்வளவு குறைவாகச் சொல்லி இவ்வளவு தெரிவித்த வேறொரு கருவி எனக்குத் தெரியாது. எங்கள் துணைக்கோளும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குட்டிச் செய்தி சொல்லும்: அடையாளப் பெயர், மின்கல வோல்ட், வெப்பம், இதுவரை எத்தனை முறை ரீசெட் ஆகியிருக்கிறது. கடைசி எண்ணைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.

வேகமாக வரும் ஆம்புலன்ஸின் ஒலி நம்மைத் தாண்டியதும் இறங்குவது போல, துணைக்கோளின் அலைவரிசையும் நெருங்கும்போது ஏறி விலகும்போது இறங்கும். 437 மெகாஹெர்ட்ஸில் இது இருபக்கமும் சுமார் 10 கிலோஹெர்ட்ஸ். இதை ஈடுசெய்யும் வேலையை மேலே வைக்கவே கூடாது என்பது எங்கள் முடிவு. தரையில் உள்ள கணினிக்குப் பாதை தெரியும், அதுவே ஒவ்வொரு விநாடியும் வானொலியைத் திருகிக்கொள்ளட்டும். கீழே செய்ய முடிந்த எதையும் மேலே செய்யாதே. மேலே ஒவ்வொரு வரியும் கெட்டுப்போக ஓர் இடம்.

பேசுவதற்கு உரிமம் வேண்டும். இங்கே அமெச்சூர் வானொலி உரிமம் தருவது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், தேர்வு எழுதிப் பெற வேண்டும். 9வி1 என்று தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும். துணைக்கோளின் அலைவரிசையை மற்றவர்களோடு மோதாமல் அனைத்துலக அளவில் ஒருங்கிணைக்கவும் வேண்டும். இந்தத் தாள் வேலை நிரலைவிட அதிக மாதம் பிடிக்கும், ஆரம்பத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது.

நீங்களும் எழுதிப் பார்க்க விரும்பினால் துணைக்கோள் தேவையில்லை. மின்னணுப் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவருக்கு ஒரு நடை போய், நிரல் ஏற்றி ஓட்டக்கூடிய ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் அட்டை, ஒரு வெப்ப உணர்கருவி, ஒரு மின்கலம் வாங்குங்கள். பதினைந்து விநாடிக்கு ஒருமுறை வெப்பத்தைப் பதிவு செய்யும் நிரல் எழுதுங்கள். அதைச் சன்னலோரம் வைத்துவிட்டு ஒரு மாதம் கையே வைக்காதீர்கள். பார்ப்பதும் ஒரு நாளைக்கு எட்டு நிமிடம் மட்டும். உண்மையான துணைக்கோள்களின் குரலைக் கேட்க ஆசையாக இருந்தால் சாட்நாக்ஸ் என்ற திட்டத்தில் உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் ஆன்டெனாக்களில் பிடித்த ஒலிப்பதிவுகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள், யாரும் கேட்கலாம்.

எங்கள் தம்பிக்கு இப்போது குழுவில் ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறோம். சனிக்கிழமை மாலையில் எங்களுக்குச் சொல்லாமல், அவன் விரும்பிய நேரத்தில், விரும்பிய கம்பியைப் பிடுங்கலாம். சென்ற வாரம் ஆன்டெனா நரம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்த அதே நொடியில் மின்கலத்தை உருவினான். செருகியபோது துணைக்கோள் எழுந்தது, விட்ட நிமிடத்தைப் படித்தது, கம்பியைச் சூடாக்குவதற்கு முன் மின்கலம் நிறையக் காத்திருந்தது. நரம்பு அறுந்து எஃகு நாடா பட்டென்று நிமிர்ந்து கோப்பிக் குவளையைத் தட்டிவிட்டது. அவன் திரையில் ரீசெட் எண்ணிக்கையைப் பார்த்தான். 212. நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கம்பியைத் தேடத் தொடங்கினான்.